வெளியுறவுக் கொள்கை பேச இளைஞர்களுக்குத் தனிக் கூட்டம்: அறைக்குள் யார், வெளியே யார்?

2025 ஆகஸ்ட் 27. இந்தியாவிலிருந்து போகும் பல பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தைத் தொட்ட நாள். அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த திருப்பூர் பனியன் கம்பெனிகள் அன்றிலிருந்து புதுக் கணக்கு போட வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே, செப்டம்பர் 19-ம் தேதி இன்னொரு அறிவிப்பு. புதிதாக எச்-1பி விசாவுக்கு விண்ணப்பித்தால் 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றது வாஷிங்டன். அமெரிக்கா போகத் திட்டமிட்டிருந்த ஐடி இளைஞர்களின் கனவில் விழுந்த அடி அது.

இரண்டு முடிவும் எங்கேயோ எடுக்கப்பட்டவை. பாதிப்பு மட்டும் இங்கே. அதிலும் பெரும்பாலும் 25, 30 வயதில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்களுக்கு. அப்படியிருக்க, இந்த முடிவுகளை எடுப்பவர்களையும், அவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்களையும் அந்த வயதினர் நேரில் பார்த்துக் கேள்வி கேட்க ஏதாவது இடம் இருக்கிறதா?

இருக்கிறது. வாஷிங்டன், லண்டன், பிரஸ்ஸல்ஸ், டெல்லி போன்ற நகரங்களில் இளம் பணியாளர்களுக்கென்றே வெளியுறவுக் கொள்கை கலந்துரையாடல்கள் நடக்கின்றன. அதில் என்ன பேசுகிறார்கள்? யாரை உள்ளே விடுகிறார்கள்? போவதால் என்ன லாபம், என்ன ஆபத்து? அந்த ஊர்களில் இல்லாதவர்கள் என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன மாதிரியான நிகழ்ச்சி?

கல்லூரிகளில் நடக்கும் மாதிரி ஐ.நா. போட்டி பலருக்கும் தெரியும். மாணவர்கள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக நின்று வாதாடுவார்கள். இது அது இல்லை. இங்கே யாரும் நடிப்பதில்லை, பரிசும் இல்லை. வருபவர்கள் ஏற்கனவே ஏதோ ஒரு வேலையில் இருப்பவர்கள். அரசு அலுவலகத்தில் இளநிலை அதிகாரி, வங்கி ஊழியர், வழக்கறிஞர், பத்திரிகையாளர், ராணுவ அதிகாரி, ஆய்வாளர், தொண்டு நிறுவன ஊழியர் எனப் பலரும் இருப்பார்கள். வயது பெரும்பாலும் 22-லிருந்து 35 வரை.

அவர்கள் முன் ஒரு தூதரோ, முன்னாள் அமைச்சரோ, ராணுவத் தளபதியோ, பேராசிரியரோ உட்காருவார். தலைப்பு உக்ரைன் போராக இருக்கலாம், சீனாவின் அரிய தாது ஏற்றுமதிக் கட்டுப்பாடாக இருக்கலாம், கச்சா எண்ணெய் விலையாக இருக்கலாம். பேச்சு கொஞ்சம், கேள்வி நிறைய. இதுதான் அடிப்படை வடிவம்.

எப்படித் தொடங்கியது?

இதன் வேர் முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் இருக்கிறது. 1919-ல் பாரிஸ் அமைதி மாநாட்டுக்குப் போன பிரிட்டன், அமெரிக்கக் குழுவினர் சிலருக்கு ஒரு யோசனை வந்தது. வெளியுறவு விஷயங்களை அரசு அலுவலகத்துக்கு வெளியேயும் ஆழமாகப் படிக்க, விவாதிக்க ஒரு நிரந்தர அமைப்பு வேண்டும் என்பதே அது. அதன் விளைவாக 1920-ல் லண்டனில் ஒரு நிறுவனம் உருவானது. இன்று அது இருக்கும் கட்டடத்தின் பெயராலேயே சாட்டம் ஹவுஸ் என்று அழைக்கப்படுகிறது. 1921-ல் நியூயார்க்கில் வெளியுறவுக் கவுன்சில் தொடங்கியது. 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழை 1922 முதல் வெளியிடுவது இந்த கவுன்சில்தான்.

இந்தியாவும் இதில் பின்தங்கவில்லை. சுதந்திரத்துக்கு முன்பே, 1943-ல் இந்திய உலக விவகாரக் கவுன்சில் தொடங்கப்பட்டது. டெல்லியில் இருக்கும் அதன் கட்டடம்தான் சப்ரு ஹவுஸ். 1947 மார்ச் மாதம் டெல்லி புராணா கிலாவில் தொடங்கிய ஆசிய உறவுகள் மாநாட்டை நடத்தியது இந்த கவுன்சில்தான். அப்போது இந்தியா இன்னும் சுதந்திரம்கூட அடையவில்லை.

ஆனால் ஆரம்பத்தில் இவை எல்லாமே பெரியவர்களின் சபை. நரைத்த தலை, பெரிய பதவி, பழைய நட்பு. இளைஞர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது. வியட்நாம் போர் அந்த நிலையை அசைத்தது. போருக்குப் போனது இளைஞர்கள். போரைப் பற்றி முடிவெடுத்ததும் விவாதித்ததும் மூத்தவர்கள். அந்தக் கோபம் அமெரிக்கத் தெருக்களில் வெடித்துக்கொண்டிருந்த 1970-ல்தான் நியூயார்க் கவுன்சில் இளம் உறுப்பினர்களுக்கென ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. 30 முதல் 36 வயதுக்குள் இருப்பவர்களுக்கு 5 ஆண்டு உறுப்பினர் இடம். அதே காலகட்டத்தில்தான் பெண்களுக்கும் அந்த கவுன்சிலின் கதவு திறந்தது.

பிறகு இளைஞர்களே சொந்தமாக அமைப்பு தொடங்கினார்கள். 2004-ல் வாஷிங்டனில் உருவான 'யங் புரொஃபஷனல்ஸ் இன் ஃபாரின் பாலிசி' அதற்கு நல்ல உதாரணம். இராக் போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் நடக்கும் மியூனிக் பாதுகாப்பு மாநாடு 1963-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் அதில் இளம் தலைவர்களுக்கென்று தனித் திட்டம் வந்தது 2009-ல்தான்.

பேசியதை வெளியே சொல்லலாமா?

இந்த நிகழ்ச்சிகளுக்குப் போகிறவர் முதலில் கேட்கும் வார்த்தை 'சாட்டம் ஹவுஸ் விதி'. 1927-ல் லண்டனில் உருவாகி, 1992-லும் 2002-லும் திருத்தப்பட்ட விதி இது. இன்று உலகம் முழுக்க இதைப் பின்பற்றுகிறார்கள்.

விதி சொல்வது எளிமையானது. கூட்டத்தில் கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். ஆனால் அதைச் சொன்னது யார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், வேறு யாரெல்லாம் அறையில் இருந்தார்கள் என்பதை வெளியே சொல்லக்கூடாது.

பலரும் இதை "எதையுமே வெளியே சொல்லக்கூடாது" என்று தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அப்படி இல்லை. மூன்று வகை இருக்கிறது:

- வெளிப்படையான கூட்டம்: யார் என்ன சொன்னாலும் பெயர் போட்டே எழுதலாம்.
- சாட்டம் ஹவுஸ் விதிப்படி நடக்கும் கூட்டம்: விஷயத்தைச் சொல்லலாம், ஆளைச் சொல்லக்கூடாது.
- முழுக்க ரகசியமான கூட்டம்: கேட்டதை அறையிலேயே விட்டுவிட வேண்டும்.

எதற்காக இந்த ஏற்பாடு? ஒரு அதிகாரி மேடையில் மைக் முன்னால் பேசும்போது அரசின் நிலைப்பாட்டை மட்டும்தான் சொல்வார். "எங்கள் கணக்கு தப்பாகிவிட்டது", "இந்தத் தடையால் பெரிதாகப் பலன் இல்லை" என்றெல்லாம் மைக்கில் சொன்னால் மறுநாள் தலைப்புச் செய்தி. பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் மனதில் உள்ளது வரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த விதி சட்டம் இல்லை. மீறினால் ஜெயில் கிடையாது. அடுத்த முறை அழைப்பு வராது, அவ்வளவுதான். ஒரு சின்ன வட்டத்தில் அந்தத் தண்டனையே போதும். இளைஞர்களுக்கு இது கூடுதல் பாதுகாப்பும்கூட. அமைச்சகத்தில் வேலை செய்யும் ஒரு இளநிலை அதிகாரி அரசின் கொள்கையைக் குறைசொல்லிக் கேள்வி கேட்டாலும், அது அவர் மேலதிகாரியின் காதுக்குப் போகாது என்று நம்பலாம்.

ஒரு மாலைக் கூட்டம் எப்படி நடக்கும்?

வேலை முடிந்து வருபவர்களுக்கானது என்பதால் பெரும்பாலும் மாலை 6 மணிக்கு மேல்தான் தொடங்கும். ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். முதல் 15, 20 நிமிடம் விருந்தினர் பேசுவார். பிறகு நெறியாளர் சில கேள்விகள் கேட்பார். மீதி நேரம் முழுக்க வந்திருப்பவர்களுடையது.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. எழுந்து, பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் சொல்லி, ஒரே ஒரு கேள்வி. "கேள்வி இல்லை, ஒரு கருத்து சொல்லணும்" என்று ஐந்து நிமிடம் பேசுபவர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவரை நாசூக்காக உட்கார வைப்பதுதான் நெறியாளரின் பெரிய வேலை.

அமெரிக்காவில் விருந்தினரை முதல் பெயரைச் சொல்லியே கூப்பிடுவது சகஜம். டெல்லியில் அப்படி முடியாது. ஓய்வு பெற்று எத்தனை வருடம் ஆனாலும் அவர் 'அம்பாசிடர்'தான், 'ஜெனரல்'தான். 'சார்', 'மேடம்' இல்லாமல் கேள்வி தொடங்காது.

சில இடங்களில் இதையே வேறு வடிவிலும் நடத்துகிறார்கள். 'நெருக்கடிப் பயிற்சி' அதில் ஒன்று. ஒரு கற்பனைச் சூழலைக் கொடுப்பார்கள். உதாரணத்துக்கு, ஹார்முஸ் நீரிணையில் கப்பல் போக்குவரத்து நின்றுவிட்டது, 48 மணி நேரத்தில் அரசு என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். ஒரு குழு நிதி அமைச்சகமாகவும், இன்னொன்று கடற்படையாகவும், மற்றொன்று வெளியுறவுத் துறையாகவும் இருக்கும். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை புதுத் தகவல் வந்து விழும். டிவி விவாதத்தில் "பதிலடி கொடுக்கணும்" என்று சொல்வது எவ்வளவு சுலபம், அதற்கு எண்ணெய் எங்கிருந்து வரும், கடலில் இருக்கும் மாலுமிகளை யார் மீட்பது என்று யோசிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் புரியும்.

உண்மையான பலன் எங்கே கிடைக்கிறது?

இந்தத் துறையில் இருப்பவர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் விஷயம் ஒன்று. பேச்சு முடிந்த பிறகுதான் கூட்டமே தொடங்குகிறது.

உரையை யூடியூபில் கேட்டுவிடலாம். கட்டுரையை வீட்டில் உட்கார்ந்து படித்துவிடலாம். ஆனால் காபி கோப்பையோடு நிற்கும்போது ஒரு முன்னாள் தூதர், "நீங்க கேட்ட கேள்விக்கு மேடையில் முழுசாகச் சொல்ல முடியல" என்று ஆரம்பிப்பாரே, அது வேறெங்கும் கிடைக்காது. பக்கத்தில் நிற்பவர் ஒரு ஆய்வு நிறுவனத்தில் வேலை செய்பவராக இருப்பார். அங்கே ஒரு இடம் காலியாகப் போகிறது என்ற சேதி, விளம்பரம் வருவதற்கு முன்பே காதில் விழும்.

இன்று 28 வயதில் சந்தித்துக்கொள்ளும் இரண்டு பேர், 20 வருடம் கழித்து எதிரெதிர் நாட்டின் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரலாம். முன்பே தெரிந்த முகம் என்றால் இக்கட்டான நேரத்தில் நேராகப் போன் போட்டுப் பேச முடியும். நாடுகள் இந்தக் கூட்டங்களுக்குப் பணம் செலவழிப்பதன் முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான்.

அதனாலேயே ஒரு கேள்வி கூர்மையாகிறது. பலன் அறிமுகத்தில்தான் என்றால், அறைக்குள் போகவே முடியாதவர்களின் கதி?

யார் உள்ளே, யார் வெளியே?

வாசலில் "உனக்கு அனுமதி இல்லை" என்று எங்கும் எழுதி வைத்திருப்பதில்லை. ஆனால் தடைகள் இருக்கின்றன.

முதல் தடை பரிந்துரை. நியூயார்க் கவுன்சிலின் இளம் உறுப்பினராக, ஏற்கனவே உறுப்பினராக இருக்கும் ஒருவர் பெயரை முன்மொழிய வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை, அல்லது நிரந்தரக் குடியிருப்பு பெற்றுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருப்பது கட்டாயம். உள்ளே ஆள் தெரிந்தவர்களுக்குத்தான் உள்ளே போக வழி.

இரண்டாவது தடை பணம். உறுப்பினர் கட்டணத்தைவிடப் பெரியது ஊர்ச் செலவு. கூட்டம் நடப்பது உலகிலேயே வீட்டு வாடகை அதிகமாக உள்ள நகரங்களில். இந்தத் துறைக்குள் நுழைய வழக்கமான படி இன்டர்ன்ஷிப். அது நெடுங்காலம் சம்பளமே இல்லாத வேலையாக இருந்தது. 2015-ல் ஜெனீவாவில் ஐ.நா.வில் சம்பளமின்றிப் பணியாற்றிய 22 வயது நியூசிலாந்து இளைஞர் ஒருவர், வாடகை கொடுக்க முடியாமல் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. அமெரிக்க வெள்ளை மாளிகையே தன் இன்டர்ன்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது 2022-ல்தான். ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வாஷிங்டனில் வாழ யாரால் முடியும்? அப்பா அம்மா பணம் அனுப்பக்கூடியவர்களால் மட்டும்தான்.

மூன்றாவது தடை மொழி. கூட்டம் ஆங்கிலத்தில் என்பது மட்டும் இல்லை. அந்த ஆங்கிலத்துக்குள்ளேயே 'தடுப்புத் திறன்', 'மூலோபாயத் தன்னாட்சி', 'இரண்டாம் தடப் பேச்சுவார்த்தை' என்று ஒரு தனி மொழி ஓடும். நல்ல கேள்வி மனதில் இருந்தும், சொல்லும் விதம் தெரியாமல் கையைத் தூக்காமல் விட்டவர்கள் நிறைய.

இந்தத் தடைகளால் இழப்பு வெளியே நிற்பவர்களுக்கு மட்டும் இல்லை. ஜவுளி ஏற்றுமதி தெரியாதவர்கள் மட்டும் கூடி வரியைப் பற்றிப் பேசினால், கடலுக்குப் போகாதவர்கள் மட்டும் கூடிக் கடல் எல்லையைப் பற்றிப் பேசினால், அந்த விவாதத்திலிருந்து வரும் ஆலோசனையும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்திய வெளியுறவுப் பணி அதிகாரிகளின் எண்ணிக்கை, 140 கோடி மக்கள் கொண்ட நாட்டுக்கு, ஆயிரத்தைச் சுற்றியே இருக்கிறது. யுபிஎஸ்சி தேர்வு வழியாக ஆண்டுதோறும் சேர்பவர்களும் சில பத்துப் பேர்தான். அதனால் ஆய்வு நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், தனியார் துறை ஆகியவற்றில் இருக்கும் இளைஞர்களின் பங்கு முக்கியமாகிறது.

டெல்லியில் 2016 முதல் நடக்கும் ரைசினா உரையாடல் இதில் பெரிய மேடை. வெளியுறவு அமைச்சகமும் அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் சேர்ந்து நடத்துகின்றன. பல நாட்டுப் பிரதமர்களும் அமைச்சர்களும் வரும் இந்த மாநாட்டையொட்டி, இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துப் பங்கேற்க வைக்கும் 'ரைசினா யங் ஃபெல்லோஸ்' திட்டமும் இருக்கிறது.

டெல்லிக்கு வெளியே? வெளியுறவு அமைச்சகம் பல்கலைக்கழகங்களில் சிறப்புச் சொற்பொழிவுகளை நடத்துகிறது. ஓய்வு பெற்ற தூதர்கள் ஊர் ஊராகப் போய்ப் பேசி, மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்கள். பல மாநிலங்களின் மாணவர்களுக்கும் இடம் கிடைக்கும்படி, உதவித்தொகையோடு அமைச்சகமே இன்டர்ன்ஷிப்பும் வழங்குகிறது.

வரவேற்க வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் சொற்பொழிவு ஒரு நாளோடு முடிந்துவிடும். மாதாமாதம் அதே ஆட்கள் கூடி, படித்து, வாதாடிப் பழகும் வட்டம் பெரும்பாலும் தலைநகரில்தான் இருக்கிறது. 1974, 1976 இந்திய-இலங்கை கடல் எல்லை ஒப்பந்தங்களின் பாதிப்பு ராமேஸ்வரத்தில் இன்றும் தினசரிப் பிரச்னை. அதைப் பற்றிய கொள்கை விவாதம் நடப்பதோ 2,000 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி.

பணம் கொடுப்பது யார்?

அரங்கம், விருந்தினரின் விமானச் செலவு, சாப்பாடு. எல்லாவற்றுக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள். அறக்கட்டளைகள், பெரிய கம்பெனிகள், ஆயுத உற்பத்தி நிறுவனங்கள், சில நேரம் வெளிநாட்டு அரசுகள்.

2014-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. அமெரிக்க ஆய்வு நிறுவனங்கள் பலவற்றுக்கு வெளிநாட்டு அரசுகள் பெரும் தொகை கொடுப்பதையும், அதன் மூலம் கொள்கை விவாதத்தில் செல்வாக்கு பெற முயல்வதையும் அது வெளிக்கொண்டு வந்தது. பணம் வாங்கியதாலேயே ஒரு நிறுவனம் பொய் சொல்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆனால் எந்தத் தலைப்பு விவாதத்துக்கு வருகிறது, எது வராமலே போகிறது என்பதில் பணத்துக்குப் பங்கு உண்டு. ஏவுகணை தயாரிக்கும் கம்பெனி ஆதரவளிக்கும் மாலையில் "இந்த ஏவுகணை தேவையா?" என்ற கேள்வி எத்தனை முறை எழும்? யோசித்துப் பார்க்கலாம்.

ஆபத்தும் இருக்கிறதா?

இருக்கிறது. 2015-ல் சிங்கப்பூரைச் சேர்ந்த ஆய்வு மாணவர் ஒருவர் தென்கிழக்கு ஆசிய அரசியல் பற்றிப் பேச பெய்ஜிங் போனார். உரை முடிந்ததும், ஆய்வு நிறுவனப் பிரதிநிதிகள் என்று சொல்லிச் சிலர் அணுகினார்கள். கட்டுரை எழுதிக் கொடுத்தால் பணம் என்றார்கள். அவர்கள் சீன உளவுத்துறையினர் என்பது அவருக்குப் பிறகு தெரிந்தது. அதன் பின்னும் அவர் விலகவில்லை. போலி ஆலோசனை நிறுவனத்தின் பெயரில் வேலை விளம்பரம் கொடுத்து, அமெரிக்க அதிகாரிகளின் சுயவிவரங்களைத் திரட்டினார். 2020-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 14 மாத சிறைத் தண்டனை பெற்றார்.

இந்த வழக்கு ஏன் முக்கியம்? தொடக்கத்தில் எதுவும் சினிமா மாதிரி இல்லை. ஒரு உரை, ஒரு அறிமுகம், "சும்மா ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்ற வேண்டுகோள். இந்தக் கூட்டங்களில் வழக்கமாக நடப்பதும் அதேதான். நல்ல அறிமுகமும் வலையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

சில நாடுகளில் கூட்டத்துக்குப் போவதே ஆபத்து. ரஷ்யா 2019-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் கவுன்சிலை 'விரும்பத்தகாத அமைப்பு' என்று அறிவித்தது. பின்னர் சாட்டம் ஹவுஸும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. இந்த அமைப்புகளின் நிகழ்ச்சியில் பங்கேற்கும் ரஷ்ய இளைஞர் ஊர் திரும்பினால் வழக்கைச் சந்திக்க நேரிடலாம். மற்றவர்களுக்கு அது ஒரு மாலை நேரக் கலந்துரையாடல். அவருக்கு அது வாழ்க்கைப் பிரச்னை.

2025-ல் என்ன மாறியது?

வாஷிங்டனில் இந்தக் கூட்டங்களுக்கு வரும் இளைஞர்களில் பலர் வேலை பார்த்த இடங்களே 2025-ல் ஆட்டம் கண்டன. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட், ஜூலை 1-ம் தேதியோடு தனி அமைப்பாகச் செயல்படுவது முடிவுக்கு வந்தது. வில்சன் மையம் என்ற பிரபல ஆய்வு நிறுவனத்தைச் சுருக்க மார்ச் மாதமே அதிபரின் உத்தரவு வந்துவிட்டது. ஜூலையில் வெளியுறவுத் துறை 1,300-க்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கியது.

வேலை தேடும் மூத்தவர்களே ஆயிரக்கணக்கில் இருக்கும் ஊரில், புதிதாக வரும் 24 வயதுக்காரருக்கு இடம் எங்கே? தலைநகரத்துக்குப் போய் அறிமுகம் பிடித்தால் வேலை கிடைத்துவிடும் என்ற பழைய கணக்கு அங்கேயே ஆட்டம் காண்கிறது.

தலைநகரம் இல்லாமல் முடியாதா?

முடியும் என்பதற்கு 70 வருடப் பழைய சாட்சி இருக்கிறது. 1954-ல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் போர்ட்லேண்ட் நகரில் 'கிரேட் டிசிஷன்ஸ்' என்ற கலந்துரையாடல் திட்டம் தொடங்கியது. வாஷிங்டனிலிருந்து ஒரு கண்டத்தையே கடந்து போக வேண்டிய ஊர் அது. நடத்தியது 1918-ல் தொடங்கப்பட்ட வெளியுறவுக் கொள்கை சங்கம்.

முறை மிக எளிமை. வருடத்துக்குச் சுமார் எட்டு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் சாதாரண மக்களுக்குப் புரியும்படி ஒரு குறிப்பு. அக்கம்பக்கத்தினர் வீட்டு வரவேற்பறையிலோ நூலகத்திலோ கூடுவார்கள். முதலில் படிப்பு, பிறகு விவாதம், கடைசியில் வாக்குச்சீட்டு மாதிரி ஒரு தாளில் தங்கள் கருத்தைப் பதிவு செய்வது. அந்தக் கருத்துகள் தொகுக்கப்பட்டுக் கொள்கை வகுப்பவர்களுக்குப் போகும். பெரிய விருந்தினர் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. அமெரிக்கா முழுக்கப் பரவிய அந்தத் திட்டம் இன்றும் நடக்கிறது.

தமிழ்நாட்டில் பொது நூலகங்களும் அவற்றின் வாசகர் வட்டங்களும் ஏற்கனவே இருக்கின்றன. விவாதத்துக்கான மூலப்பொருளும் இலவசம். வெளியுறவு அமைச்சக இணையதளத்தில் ஒப்பந்தங்களின் உரையைப் படிக்கலாம், அதன் வாராந்திரச் செய்தியாளர் சந்திப்பைப் பார்க்கலாம். நாடாளுமன்றத்தில் கேட்ட கேள்விகளும் பதில்களும், வெளியுறவு விவகார நிலைக்குழுவின் அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கின்றன. அவற்றை மாதம் ஒரு மாலை, பத்துப் பேர் சேர்ந்து தமிழிலேயே படிக்க எந்தத் தடையும் இல்லை.

போக விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

- நிகழ்ச்சியை நடத்துவது யார், பணம் கொடுப்பது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். அதை வெளிப்படையாகச் சொல்லாத அமைப்பு என்றால் எச்சரிக்கை தேவை.
- கூட்டம் எந்த விதியின் கீழ் நடக்கிறது என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடலாம். தெரியாமல் ஒரு ட்வீட் போட்டுவிட்டு வருந்துவதைவிட அது நல்லது.
- அரசு ஊழியர் என்றால் பணி விதிகள் என்ன சொல்கின்றன, முன் அனுமதி தேவையா என்பதைச் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டு அமைப்பின் செலவில் பயணம் என்றால் இது இன்னும் முக்கியம்.
- கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். தன் தொழிலில் இருந்து, தன் ஊரில் இருந்து எழும் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். "இந்தியா-அமெரிக்க உறவு எப்படி இருக்கும்?" என்பதைவிட, "இந்த வரி ஆறு மாதம் நீடித்தால் சின்ன நூற்பாலைகளுக்கு அரசு என்ன வைத்திருக்கிறது?" என்று கேட்டால் விருந்தினர் நிமிர்ந்து உட்காருவார்.
- கூட்டத்துக்குப் பின் யாராவது பணம் தருகிறேன், வெளியே தெரியாத தகவல் ஏதாவது இருந்தால் எழுதிக் கொடுங்கள் என்றால், அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

"வெளியுறவுக் கொள்கை எல்லாம் நமக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு 2025 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களே பதில் சொல்லிவிட்டன. ஒரு வரி உத்தரவு பின்னலாடைத் தையல் தொழிலாளியின் ஓவர்டைமைக் குறைக்கிறது. ஒரு விசா அறிவிப்பு கல்யாணத் தேதியையே தள்ளிப்போட வைக்கிறது. அதைப் பற்றிப் பேசும் அறைகள் இன்னும் சில நகரங்களில்தான் இருக்கின்றன, அவற்றின் கதவும் எல்லோருக்கும் ஒரே அளவில் திறப்பதில்லை. அந்தக் கதவு அகலமாகும் வரை காத்திருக்கலாம். இல்லையென்றால், போர்ட்லேண்டில் செய்த மாதிரி, பக்கத்து நூலகத்தில் பத்து நாற்காலியை வட்டமாகப் போட்டு இன்றே ஆரம்பிக்கலாம்.